புதுச் சலவை இயந்திரம் திரும்பத் திரும்பப் பழுதாகிறதா? கடைக்காரர் எத்தனை முறை 'ரிப்பேர்' செய்யலாம்?

முதல் முறை வந்தவர் பம்ப்பை மாற்றினார். இரண்டாம் முறை வந்தவர், "போர்டு போயிடுச்சு, பார்ட் வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார். அதையும் மாற்றியாயிற்று. நான்கு முறை ஒழுங்காகத் துவைத்தது. ஐந்தாவது முறை, தொட்டி நிறையத் தண்ணீர். திரையில் அதே பிழைக் குறியீடு.

புதிதாக வாங்கிய இயந்திரம் இப்படிப் படுத்தினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் யாராவது விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருக்கணும். அதுவரை துணியைத் தூக்கிக்கொண்டு காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போகணும். இருந்தும் பலர், "வாரண்டி இருக்கே, சும்மாதானே செஞ்சு தர்றாங்க" என்று பொறுத்துப்போகிறார்கள்.

சிக்கல் அங்கேதான். வாரண்டி பெரும்பாலும் தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி. அதற்கு அப்பால் சிங்கப்பூர்ச் சட்டம் உங்களுக்கு இன்னோர் உரிமையைத் தருகிறது. அதைக் கேட்கவேண்டிய இடம் பொருளை விற்ற கடை. "சர்விஸ் சென்டருக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கடை ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அதுதான் 'லெமன்' சட்டம். நாம் புதுக் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சை வைப்பது நல்லதற்கு. அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'லெமன்' என்றால் ஓட்டை வண்டி! இங்கு அது 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கார் மட்டுமல்ல, சலவை இயந்திரம், கைப்பேசி, சோஃபா எல்லாம் அதில் அடங்கும்.

அப்படியென்றால் எத்தனை முறை?

மூன்று முறை பழுதானால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. முதலில் பழுதுபார்க்க அல்லது பொருளை மாற்றித்தரக் கடைக்கு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். அதைக் கடை தன் செலவில், நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமம் தராமல் செய்யவேண்டும். முடியாவிட்டால் நீங்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்: பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இதுவரை பயன்படுத்தியதற்காக ஒரு தொகை கழிக்கப்படலாம்.

'நியாயமான காலம்', 'பெரிய சிரமம்' என்பவை பொருளின் தன்மையையும் அதை எதற்காக வாங்கினோம் என்பதையும் பொறுத்தவை. அலங்கார விளக்கு ஒரு மாதம் எரியாமல் இருப்பதும், கைக்குழந்தை உள்ள வீட்டில் சலவை இயந்திரம் ஒரு மாதம் ஓடாமல் இருப்பதும் ஒன்றா? அதனால் எத்தனை நாள் இயந்திரம் இல்லாமல் இருந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வாதத்துக்கு அது உதவும்.

அதைவிட முக்கியம் 6 மாதக் கணக்கு. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. அதற்குப் பிறகு தெரியும் குறை என்றால், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். புது பிடிஓ வீட்டுக்குப் பொருள் வாங்குவோர் கவனிக்க: கணக்கு தொடங்குவது டெலிவரி நாளிலிருந்து. இயந்திரத்தை இறக்கிவிட்டு, ரெனோவேஷன் முடியட்டும் என்று மூன்று மாதம் பெட்டியிலேயே வைத்திருந்தால், பாதிக் காலம் போச்சு.

ஆகவே முதல் பழுதையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பழுதுபார்க்க வருபவரிடம் ஒவ்வொரு முறையும் என்ன கோளாறு, எதை மாற்றினார் என்று எழுதிய சீட்டை வாங்குங்கள். பம்ப், போர்டு என்று ஒவ்வொரு முறையும் வேறு பாகத்தை மாற்றியிருந்தால், "இது புதுப் பிரச்சினை" என்று கடை சொல்லக்கூடும். தண்ணீர் வெளியேறவில்லை என்ற ஒரே குறைதான் திரும்ப வருகிறது என்பதைக் காட்டப் பிழைக் குறியீட்டைப் படம் எடுத்து வைத்தால் உதவும்.

நீங்களே தவறாகப் பயன்படுத்திக் கெடுத்தது, வாங்கும்போதே கடை சொன்ன குறை, மனம் மாறியது ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. தனிநபரிடம் இணையத்தில் வாங்கிய பழைய இயந்திரத்துக்கும் அப்படித்தான். ஆனால் கடையில் வாங்கியதென்றால், ரசீதில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது.

கடை அசையவில்லையா? சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, கடைக்கும் அதே விதிதான். சிங்பாஸ் வழி இணையத்திலேயே மனு கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். "அடுத்த மாசம் பார்ட் வந்துடும்" என்று கடை சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு தள்ளிப்போகும் என்று இருந்துவிடாதீர்கள்.