மீனுக்கு நோவில்லையா?

மீன் தின்பவனுக்கு ஜீவகாருண்யம் பேச யோக்கியதை ஏது என்று சைவர் சிலர் ஏளனஞ் செய்கின்றனர். மீன்தானே, அதற்கு நோவு ஏது என்று புலாலுண்போர் கைகழுவி விடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே கிடந்து துடிப்பது மீனே!

சிங்கப்பூரில் மீன்பிடிக்கத் தூண்டிலுடன் செல்லும் அன்பர்களையும், தேக்காச் சந்தையில் மீன் துடித்தால்தான் புதிது என்று மெச்சும் அன்பர்களையும் கேட்கிறோம்: தரையிலே எறியப்பட்டு மூச்சுத் திணறிச் சாவதா புதுமைக்கு அடையாளம்?

ட்ரௌட் மீனின் தலையில் நோவறியும் நரம்புகள் உண்டென 2003-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தார் காட்டிவிட்டனர். சிங்கப்பூரின் விலங்குகள், பறவைகள் சட்டமும் மீனை விலங்கினத்தில் சேர்த்தே எண்ணுகிறது. உணவுக்குக் கொல்வதை அது தடுக்கவில்லை. வீண் வதையையே தடுக்கிறது.

செய்ய வேண்டுவது யாது? பிடித்தவுடன் தலையில் ஓங்கி ஓர் அடி. கண்ணுக்குச் சற்றுப் பின்னே, மூளையில் கூரிய கம்பியால் ஒரு குத்து. பிறகு செவுளை அறுத்து இரத்தம் வடித்து, குடல் நீக்கி, பனிக்கட்டியில் புதைத்தல். ஜப்பானியர் இம்முறையை 'இகேஜிமே' என்று ஒரு கலையாகவே போற்றுகின்றனர். துடித்துச் செத்த மீனோ விரைவில் விறைத்துச் சுவை கெடும். வெயிலிற் கிடந்த கானாங்கெளுத்தியிலும் சூரையிலும் பிறக்கும் ஹிஸ்டமின் நஞ்சு குழம்பிற் கொதித்தாலும் அழியாது.

கருணை காட்டியவனுக்கே நல்ல கறியும் கிடைக்கிறது! உண்பதை விடச் சொல்லவில்லை. வதைப்பதை விடுங்கள் என்கிறோம். அதற்கு ஒரு கத்தியும் ஒரு பெட்டிப் பனிக்கட்டியும் போதும்.