பிள்ளைகளுக்கான கொவிட் தடுப்பூசி: பெற்றோரின் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்

கொவிட்-19 பெருந்தொற்று தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி அறிவித்தது. ஊரடங்கும் முகக்கவசமும் இன்று பழங்கதையாகிவிட்டன. ஆனால், அக்காலத்தில் எழுந்த ஒரு கேள்வி மட்டும் பெற்றோர் பலரது மனங்களை விட்டு இன்னமும் அகலவில்லை. "பிள்ளைக்கு அந்த ஊசியைப் போட்டது சரியா, தவறா?" என்பதே அக்கேள்வியாகும். போட்டவர்களும் கேட்கின்றனர், போடாமல் விட்டவர்களும் கேட்கின்றனர். இதற்கு உரிய பதிலை உரிய மொழியில் கூறவேண்டியவர்கள் மௌனமாக இருக்கையில், அந்த இடத்தை வதந்திகள் பிடித்துக்கொள்வதே கவலைக்குரியதாகும்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி எனக் கடலோரமாக நீண்டு செல்லும் பாதையில், முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்துள்ளது குச்சவெளி. அதனையும் தாண்டினால் திரியாய், புல்மோட்டை. முஸ்லிம்களும் தமிழர்களும் சிங்களவர்களும் வாழும் இப்பிரதேச செயலகப் பிரிவில் கடற்றொழிலும் விவசாயமும் கூலி வேலையுமே பல குடும்பங்களின் சீவனோபாயமாக உள்ளன. கொழும்பில் நிபுணர்கள் தமக்குள் விவாதித்த ஒரு விடயம், இத்தகைய ஊர்களில் உள்ள ஒரு தாயிடம் வெறும் கட்டளையாகவே வந்து சேர்கின்றது. அயலவர் ஒன்று கூறுகின்றார். கைத்தொலைபேசியில் வரும் குரற்பதிவு வேறொன்று கூறுகின்றது. இவற்றுக்கிடையே முடிவெடுக்க வேண்டியவள் அந்தத் தாயே. ஆகவே, அவளுடைய இடத்தில் நின்று இவ்விடயத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது பொருத்தமானது எனக் கருதுகின்றோம்.

இலங்கையில் கொவிட் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி இறுதியில் ஆரம்பமானது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, நாட்பட்ட நோய்களும் விசேட தேவைகளும் உடைய 12 முதல் 19 வயது வரையானோருக்கு 2021 செப்டெம்பர் 24 ஆந் திகதி பைசர் தடுப்பூசி வழங்கத் தொடங்கப்பட்டது. ஒக்டோபரில் 18, 19 வயதுப் பாடசாலை மாணவர்களுக்கும், 2022 ஜனவரியில் 12 முதல் 15 வயது வரையான ஏனைய பிள்ளைகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. நோயாளிப் பிள்ளைகளுக்கு முதலிடம், பின்னர் மூத்த மாணவர்கள், அதன் பின்னரே இளையவர்கள் என்ற இந்த ஒழுங்கு நியாயமானதே. ஆனால், இந்த ஒழுங்குக்கான காரணம் பெற்றோருக்குப் போதியளவு விளக்கப்பட்டதா என்பதே கேள்வியாகும்.

முதலில் நோயினால் ஏற்படும் ஆபத்தைப் பார்ப்போம். கொவிட் முதியவர்களைக் கொன்ற வேகத்தில் பிள்ளைகளைக் கொல்லவில்லை. இங்கிலாந்தில் பெருந்தொற்றின் முதலாண்டில் 18 வயதுக்குட்பட்ட 3,105 பேர் பல்வேறு காரணங்களால் மரணமடைந்தனர். அவர்களுள் கொவிட்டினால் மரணித்தோர் 25 பேர் என ஆய்வாளர்கள் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே ஆராய்ந்து கண்டறிந்தனர். அந்த 25 பேரிலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே கடும் நாட்பட்ட நோய்களுடன் இருந்தவர்களாவர். அதேவேளை, தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களின் பின்னர் இதயம் உட்படப் பல உறுப்புகளைத் தாக்கும் ஓர் அழற்சி நிலை சில பிள்ளைகளிடம் தோன்றியது. இலங்கையிலும் அது பதிவாகியது. எனவே, பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லை என்பதும் உண்மையன்று. பெரியவர்களுக்குரிய ஆபத்தைப் பிள்ளைகள் மீது ஏற்றிக் கூறுவதும் உண்மையன்று.

அடுத்து தடுப்பூசியின் பயனையும் பாதிப்பையும் நோக்குவோம். 12 முதல் 15 வயது வரையான 2,260 பேரிடம் நடத்தப்பட்ட பைசர் பரிசோதனையில், ஊசி பெறாத பிரிவில் 18 பேருக்கு நோய் கண்டது. பெற்ற பிரிவில் எவருக்கும் இல்லை. பயன் தெளிவாகவே தெரிந்தது. ஆயினும், அரிதான பக்கவிளைவுகளை இரண்டாயிரம் பேரைக் கொண்டு கண்டறிய முடியாது. இலட்சக்கணக்கானோருக்கு ஊசி ஏற்றப்பட்ட பின்னரே இதயத்தசை அழற்சி என்ற பாதிப்பு வெளிப்பட்டது. அமெரிக்கத் தரவுகளின்படி, இரண்டாவது ஊசியின் பின்னர் 16, 17 வயது ஆண் பிள்ளைகளில் பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ 106 பேரும், 12 முதல் 15 வயது ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 71 பேரும் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். பெண் பிள்ளைகளில் இது மிகவும் குறைவு. பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சையின் பின்னர் தேறினர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் இட்டுப் பார்த்த நாடு பிரிட்டன். அங்குள்ள தடுப்பூசி ஆலோசனைக் குழு 2021 செப்டெம்பர் 3 ஆந் திகதி தனது கணக்கைப் பகிரங்கமாகவே வெளியிட்டது. ஆரோக்கியமான 12 முதல் 15 வயது வரையான பத்து இலட்சம் பேருக்கு முதலாவது ஊசி ஏற்றினால், 87 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதும் இருவர் தீவிர சிகிச்சைக்குச் செல்வதும் தவிர்க்கப்படும். மறுபுறத்தில் 3 முதல் 17 பேருக்கு இதயத்தசை அழற்சி ஏற்படலாம். நன்மை சற்றே மேலோங்கியிருந்த போதிலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போடுமாறு பரிந்துரைக்க அது போதுமானதல்ல என அக்குழு கூறியது. பத்து நாட்களின் பின்னர், அந்நாட்டின் தலைமை வைத்திய அதிகாரிகள் பாடசாலைக் கல்வி தடைப்படுவதால் விளையும் கேட்டையும் தராசில் சேர்த்து, ஒரு ஊசி வழங்கலாம் எனத் தீர்மானித்தனர். ஒரே தரவு, இருவேறு முடிவுகள். இரண்டும் மக்கள் முன்னிலையில் வைக்கப்பட்டன. எமது நாட்டில் இல்லாமற் போனது இந்த வெளிப்படைத்தன்மையே.

பாடசாலை என்ற அந்த மூன்றாவது எடைக்கல் குச்சவெளி போன்ற பிரதேசங்களில் மிகவும் கனமானது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட இலங்கைப் பாடசாலைகள் இடையிடையே திறக்கப்பட்ட போதிலும், 2021 ஏப்ரல் இறுதி முதல் ஒக்டோபர் வரை தொடர்ச்சியாக மூடிக் கிடந்தன. அவ்வாண்டு ஜூலையில் ஆசிரியர்களின் சம்பளப் போராட்டம் தொடங்கியதும் இணையவழிக் கற்பித்தலும் பெருமளவில் நின்றுபோனது. நகரத்துப் பிள்ளைக்கு மடிக்கணினியும் தனியார் வகுப்பும் இருந்தன. வீட்டில் உள்ள ஒரேயொரு கைத்தொலைபேசியையும் தொழிலுக்குச் செல்லும் தந்தை எடுத்துச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன இருந்தது? அக்காலத்தில் பாடசாலை திறக்கப்படுவதை விரைவுபடுத்தும் எதுவும் ஏழைப் பிள்ளைக்குப் பெரும் நன்மையே. 2021 ஆகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் மரணித்துக்கொண்டிருந்த பின்னணியில், மாணவர்களுக்குத் தடுப்பூசி வழங்க எடுக்கப்பட்ட முடிவு தவறானது என எம்மால் கூறமுடியாது.

அதேவேளை, மிகைப்படுத்தப்பட்ட வாக்குறுதி ஒன்றும் இருந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டால் வீட்டிலுள்ள முதியவர்கள் பாதுகாக்கப்படுவர் என்பதே அது. டெல்டா பரவிய காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 2022 ஜனவரியில் 12 முதல் 15 வயதினருக்கு ஊசி ஏற்றத் தொடங்கியபோது, ஒமிக்ரோன் திரிபு பரவிக்கொண்டிருந்தது. ஊசி பெற்றவர்களிடமும் அது எளிதில் தொற்றியது. கடும் நோயிலிருந்து பாதுகாப்புத் தொடர்ந்தும் கிடைத்ததே தவிர, தொற்றைத் தடுக்கும் ஆற்றல் குன்றிப்போனது. இந்த மாற்றத்தை அப்போதே கூறியிருந்தால், "ஊசி போட்டும் நோய் வந்ததே" எனப் பின்னர் ஏமாற்றமடைந்த பெற்றோர் அதனை ஏமாற்று வேலையாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

இன்றைய நிலை என்ன? ஆரோக்கியமான பிள்ளைகளும் இளையோரும் கொவிட் தடுப்பூசியைப் பொறுத்தவரை குறைந்த முன்னுரிமைப் பிரிவினர் என 2023 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது. பெரும்பாலானோர் தொற்று மூலமோ ஊசி மூலமோ ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமையே இதற்கான காரணமாகும். அமெரிக்கச் சுகாதாரத் துறை 2025 மே மாதம் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கான பரிந்துரையை விலக்கிக்கொண்டது. ஆனால் அந்நாட்டின் குழந்தை வைத்தியர்களின் சங்கம் இதனை ஏற்கவில்லை. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு ஊசி தேவை என அது கூறுகின்றது. எமது நிலைமைக்கு ஏற்பக் கூறுவதாயின், ஆரோக்கியமான பாடசாலைப் பிள்ளைக்கு இன்று கொவிட் ஊசி குறித்து அவசரப்படவோ அச்சப்படவோ எதுவுமில்லை. இதயநோய், புற்றுநோய், எதிர்ப்பாற்றல் குறைபாடு போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் மாத்திரம் சிகிச்சையளிக்கும் வைத்திய நிபுணரிடம் கேட்டு முடிவெடுப்பதே உகந்தது. ஆண்டுகள் கடந்த பின்னர், போட்டுவிட்ட ஊசியை எண்ணிக் கலங்குவதிலும் அர்த்தமில்லை. இதயத்தசை அழற்சி பெரும்பாலும் ஊசி பெற்ற ஒரு வாரத்துக்குள் வெளிப்படுவதாகும்.

இங்குதான் தூரம் என்ற விடயம் முக்கியத்துவம் பெறுகின்றது. ஊசி போட்ட சில நாட்களில் நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், படபடப்பு தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்ற ஒற்றை வாசகத்தை அறிந்திருந்த பெற்றோருக்கு ஆபத்து மிகச் சிறியது. அறியாத பெற்றோருக்கு, அதுவும் மாவட்டப் பொது வைத்தியசாலை ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கையில், அதே ஆபத்து பெரிதாகின்றது. பக்கவிளைவைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவர் என எண்ணி மறைப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

நம்பிக்கை பற்றிப் பேசுகையில், முஸ்லிம் மக்களின் மனக்காயத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கொவிட்டினால் மரணிப்போரை அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் எனக் காரணம் காட்டி, 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் அவ்வாண்டு டிசெம்பரில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது; மார்ச் மாதத்திலிருந்து ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு சமூகத்தின் மார்க்கக் கடமை மறுக்கப்பட்டு ஓராண்டு கழியுமுன்னர், அதே அதிகாரிகள் விஞ்ஞானத்தின் பெயரால் பிள்ளைகளை அழைத்துவரச் சொன்னபோது, பெற்றோர் தயங்கியிருந்தால் அதனை அறியாமை என இகழ்வது நீதியாகாது.

தயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. 2023 இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். மருந்து என்றாலே சந்தேகத்துடன் பார்க்கும் நிலைக்கு மக்களைத் தள்ளியவர்கள் யாவர் என்பது இதிலிருந்து புலனாகும். ஆயினும், சந்தேகத்தை முறையாகக் கையாண்ட முன்னுதாரணமும் இந்நாட்டிலேயே உண்டு. 2008 ஜனவரியில் அறிமுகமான ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணங்களை அடுத்து ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்தனர்; உரிய விளக்கத்தின் பின்னர் 2010 இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. பெற்றோரும் ஏற்றுக்கொண்டனர். கேள்விக்கு மதிப்பளித்தால் நம்பிக்கை திரும்பும் என்பதே இதன் படிப்பினையாகும்.

கொவிட் ஊசி மீதான கசப்பு ஏனைய தடுப்பூசிகள் மீதும் படிந்துவிடக்கூடாது என்பதே எமது முதன்மையான அக்கறை. ஒரே தராசைப் பயன்படுத்தினாலும், சின்னமுத்துத் தடுப்பூசியின் விடயத்தில் விடை முற்றிலும் வேறானது. அந்நோய் மிக வேகமாகத் தொற்றுவது. சிறு குழந்தைகளையே கடுமையாகத் தாக்குவது. ஒன்பதாவது மாதத்திலும் மூன்றாவது வயதிலும் வழங்கப்படும் இரு ஊசிகளும் நூற்றுக்கு 97 பேரைப் பாதுகாக்கின்றன. இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக 2019 ஜூலையில் சான்றளிக்கப்பட்ட போதிலும், 2023 இல் அது மீண்டும் தலைதூக்கி நூற்றுக்கணக்கானோரைப் பாதித்தது. 2017 முதல் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்படும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும் இவ்வாறே பெரும் பயன் தருவது. கொவிட் ஊசியை நினைத்து இவற்றைத் தவறவிடும் பெற்றோர், சிறிய ஐயத்துக்காகப் பெரிய ஆபத்தை வீட்டுக்குள் அழைத்தவராவர்.

ஆகவே, சுகாதார அமைச்சும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் செய்யவேண்டியது கடினமானதன்று. எந்தத் தடுப்பூசியாயினும் அதன் நன்மை எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு, எந்த அறிகுறி கண்டால் எங்கு செல்லவேண்டும் என்பவற்றை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, சம்மதம் கோருமுன்னரே பெற்றோரிடம் வழங்க வேண்டும். வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தமிழில் விளக்கமளிக்கும் பயிற்சி வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதற்குத் தமது மண்டபங்களைத் திறந்துவிடலாம். பைசர் ஊசியில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் உண்டு என்ற வதந்தி எவ்வளவு தூரம் ஓடியது? அதில் விலங்குகளிலிருந்து பெறப்பட்ட சேர்மானம் எதுவுமில்லை என்ற உண்மையை அதே வேகத்தில் கொண்டுசெல்ல எவரும் இருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என எவராலும் கூறமுடியாது. அது வரும்போது மீண்டும் ஒரு தாயிடம் சம்மதம் கேட்கப்படும். அப்போது அவளிடம் கட்டளையுடன் செல்வதா, கணக்குடன் செல்வதா என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டும். குச்சவெளித் தாய்க்கும் கொழும்புத் தாய்க்கும் பிள்ளை மீதான பாசம் ஒன்றே. உண்மையை அறியும் உரிமையும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.