ஓரகத்திகள் இருவர்

பாரதக் கதையில் குந்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கர்ணனை ஆற்றில் விட்ட இளம் பெண்ணோடு தொடங்கி, யுத்தத்திற்குமுன் அவனைக் கங்கைக் கரையில் கண்ட தாயோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழர்களாகிய நமக்கு இதற்கு ஒரு சமாதானமும் உண்டு. வில்லிபுத்தூரார் 10 பருவங்களோடு நூலை முடித்துவிட்டார். நாம் சொல்லப்போகும் குந்தியோ வியாச பாரதத்தின் 15-ஆவது பருவமாகிய ஆசிரமவாசிக பருவத்தில் இருக்கிறாள்.

திருதராஷ்டிரன் மனைவி காந்தாரி. அவன் தம்பி பாண்டுவின் மனைவி குந்தி. ஓரகத்திகளுக்குள் உறவு இனிதாகத் தொடங்கவில்லை. இரண்டு வருஷம் கருவைச் சுமந்தும் பிரசவம் ஆகாத காந்தாரி, குந்திக்குப் பிள்ளை பிறந்த செய்தி கேட்டுத் தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டாள். அந்தப் பொறாமை பிள்ளைகளிடம் வளர்ந்து குருக்ஷேத்திரத்தில் போய் முடிந்தது. நூறு பிள்ளைகளையும் காந்தாரி இழந்தாள்.

ஜயித்த பிள்ளைகளின் தாய், தோற்றவர்களின் தாயை எப்படி நடத்தினாள்? மாமியாருக்குச் செய்வதுபோல் பணிவிடை செய்தாள். இப்படி 15 வருஷங்கள் கழிந்தன. தருமபுத்திரரும் பெரியப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பீமன் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தகன் மக்களைக் கொன்ற தோள்கள் இவை என்று கிழவர் காதில் விழும்படி தன் தோளைத் தட்டிப் பேசினான். தருமருக்கு இது தெரியாது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் வீட்டுத் தலைவனுக்கு எட்டாத சொற்கள் எந்தக் காலத்திலும் இருக்கின்றன போலும்! மனம் நொந்த கிழவர் வனவாசத்துக்குப் புறப்பட்டார்.

புறப்பட்ட காட்சியைப் பாருங்கள். முன்னே குந்தி, அவள் தோளில் கண்கட்டிய காந்தாரியின் கை, காந்தாரி தோளில் குருட்டு அரசனின் கை. வழியனுப்ப வந்தவள் என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் திரும்பவில்லை. காட்டுக்குத்தான் போவதென்றால் எங்களைப் போருக்குத் தூண்டியது எதற்கு என்று பீமன் கேட்டான். நியாயமான கேள்விதான். பாண்டுவின் வமிசம் அழியக்கூடாது, சபையில் மருமகள் பட்ட அவமானத்தை நீங்கள் மறக்கக்கூடாது என்றே தூண்டினேன்; ராஜ்ய சுகத்தைக் கணவர் காலத்திலேயே அனுபவித்துவிட்டேன், பிள்ளைகள் ஜயித்த ராஜ்யம் எனக்கு வேண்டாம் என்பது அவள் மறுமொழியின் சாரம். கர்ணனை மறவாதே, சகதேவனைக் கவனித்துக்கொள் என்று மூத்தவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். காந்தாரியே திரும்பிப் போகச் சொல்லியும் கேட்கவில்லை.

இதை வைராக்கியம் என்று சிலர் சொல்வார்கள். கர்ணனுக்கான பிராயச்சித்தம் என்பாரும் உண்டு. எமக்கென்னவோ தோளில் இருந்த அந்தக் கைதான் காரணமாகப் படுகிறது. தவம் செய்ய எந்த வனமும் போதும். பிள்ளைகள் இல்லாத காந்தாரிக்கு மூப்பில் கைகொடுக்க, அவள் போகும் வனத்துக்கே போகவேண்டும். கணவனோ, மகனோ ஏவாமல், எல்லோரும் தடுத்தும், குந்தி தானாகச் செய்த முடிவு இது.

பின்னர் ஒருநாள் கங்காத்துவாரத்தை அடுத்த காட்டில் தீ பற்றியது. விரதங்களால் மெலிந்த மூவராலும் ஓட முடியவில்லை. சஞ்சயனைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுக் கிழக்கு நோக்கி அமர்ந்தார்கள். சஞ்சயன் மட்டும் இமயத்தை அடைந்தான்.