அயர்லாந்து கழற்றப் பார்க்கும் பூட்டு

1960இல் ஐ.நா. அமைதிப் பணிக்காகக் காங்கோவில் போய் இறங்கிய அயர்லாந்துச் சிப்பாய்கள் தங்கள் ஊர்க் குளிருக்குத் தைத்த கனத்த கம்பளிச் சீருடையில்தான் இருந்தார்கள். வெப்பநாட்டு உடுப்பு அந்தப் படையிடம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அங்கே நியெம்பா அருகே ரோந்து போன பதினொரு பேரில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். இறுதி ஊர்வலத்துக்கு டப்ளினே தெருவில் திரண்டது. அப்போதும் படையைத் திருப்பி அழைக்கவில்லை.

தானே காலனியாக இருந்து விடுபட்ட, எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாடு அயர்லாந்து. 1958 முதல் ஐ.நா.வின் அமைதிப் பணியில் அயர்லாந்துக்காரர் இல்லாத நாளே இல்லை. லெபனானில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்திருக்கிறது. 2024 அக்டோபரில் இஸ்ரேல் ராணுவம் விலகச் சொல்லி நெருக்கியபோதும் அங்குள்ள ஐ.நா. படையோடு அயர்லாந்துச் சிப்பாய்களும் தங்கள் காவல்நிலைகளிலேயே இருந்தார்கள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.நா. தீர்மானம், அமைச்சரவை முடிவு, நாடாளுமன்ற ஒப்புதல் மூன்றும் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ‘மூன்று பூட்டு’ என்பார்கள். இதில் முதல் பூட்டைக் கழற்றும் மசோதாவின் வரைவுக்கு 2025 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஐம்பது பேர்வரை அனுப்பலாம் என்பதும் அதில் உண்டு.

அரசின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மாசிடோனியா தைவானை அங்கீகரித்த கோபத்தில், அங்கிருந்த ஐ.நா. படையின் நீட்டிப்பை 1999இல் சீனா பாதுகாப்பு சபையில் வீட்டோவால் தடுத்தது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே படை அனுப்பியபோது, ஐ.நா. ஆணை இல்லையென்று அயர்லாந்து சேர முடியவில்லை. நம் சிப்பாய் எங்கே போவது என்பதை மாஸ்கோவும் பெய்ஜிங்கும் தீர்மானிப்பதா என்று அமைச்சர்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், பாதுகாப்பு சபை மட்டுமல்ல, பொதுச்சபைத் தீர்மானமும் போதும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுச்சபையில் வீட்டோ கிடையாது. அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் பூட்டையே உடைப்பது அவசரம். ஐ.நா. ஆணையை விட்டுவிட்டால், அயர்லாந்துப் படை பிறகு போவது யாருடைய போருக்கு?

லெபனானில் உள்ள ஐ.நா. படையின் பணியை 2026 டிசம்பரோடு முடித்துக்கொள்ளப் பாதுகாப்பு சபை 2025 ஆகஸ்டில் முடிவெடுத்துவிட்டது. ஐ.நா. மெலிந்துவரும் இந்த நேரத்தில், அதன் பேரில் இத்தனை பேரைப் பலிகொடுத்த நாடே விலகி நடந்தால், ஐ.நா.வுக்குப் படை அனுப்பும் நேபாளத்துக்கும் ஃபிஜிக்கும் கானாவுக்கும் அது என்ன சொல்லும்? பொதுச்சபை வழியில் ஆணை பெறும் முயற்சிக்கு அயர்லாந்து முன்நிற்க வேண்டும். அதுவரை மசோதாவை நிறுத்திவைக்க வேண்டும்.