வெண்மைக்குள் மறையும் வெண்மை

மெமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப்படம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவு உறுதியோடு விடை சொல்வதில்லை என்பதும், அந்த உறுதியைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் கருவிக்கு இருக்கும் பங்கைவிட மார்பகத்தின் உள்திசுவுக்கு இருக்கும் பங்கு பெரிது என்பதும் கதிரியக்க மருத்துவத் துறையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்திகள். ஆயினும் மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ பரிசோதனைக்குச் சென்று திரும்பும் ஒரு பெண் வீட்டுக்குக் கொண்டுவருவது, பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்ற ஒற்றைச் சொல்லைத்தான். அந்த 'ஒன்றுமில்லை'யை எந்த அளவுக்கு நம்பலாம் என்று காட்டும் ஓர் எழுத்து அறிக்கையின் நடுவே ஆங்கில வாசகங்களுக்குள் கிடக்கிறது.

மார்பகத்தில் பாலைச் சுரக்கும் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் ஒருபுறமும், இவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்பு மறுபுறமும் உள்ளன. கொழுப்பு ஊடுகதிர்களை எளிதில் கடக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகவும், நார்-சுரப்பித் திசு கதிர்களைத் தடுப்பதால் வெள்ளையாகவும் விழுகின்றன. புற்றுக்கட்டியும் கதிர்களைத் தடுக்கக்கூடியது. அதுவும் வெள்ளையாகவே விழும். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இருட்டறையில் திரைக்கு முன் அமரும் மருத்துவர் ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்றும் பக்கவாட்டில் சாய்வாக ஒன்றுமாக நான்கு படங்களை விரித்துப் பார்க்கிறார்; கொழுப்பு மிகுந்த மார்பகத்தின் கரும்பரப்பில் ஒரு சென்டிமீட்டர்க் கட்டி, அதன் ஓரத்தில் முள்முள்ளாக நீளும் கோடுகளோடு தனித்துத் துலங்கும். அதே கட்டி அடர்ந்த திசுவின் நடுவே இருந்தால், பால் கிண்ணத்தில் விழுந்த தயிர்த்துளியைத் தேடுவது போல்தான். நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் மட்டும் சுற்றியுள்ள வெண்மையைக் காட்டிலும் கூர்மையாகத் தெரிவதால், அடர்ந்த மார்பகத்திலும் மெமோகிராம் முற்றிலும் குருடாகிவிடுவதில்லை.

இந்த அடர்த்தியைக் கையால் தொட்டு அறிய முடியாது. மார்பகம் இறுக்கமாக இருப்பதற்கும் படத்தில் அடர்த்தியாகத் தெரிவதற்கும் நேரடித் தொடர்பில்லை. படம் எடுத்தால்தான் தெரியும். 1976இல் டெட்ராய்ட் நகரின் ஜான் உல்ஃப் மார்பகப் படங்களை நான்கு வகைகளாகப் பிரித்து, அடர்த்திக்கும் பிற்காலப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்று எழுதினார். இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள 'பை-ராட்ஸ்' என்னும் அறிக்கை முறையும் நான்கு எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது: ஏறத்தாழ முழுவதும் கொழுப்பாக இருப்பது ஏ, ஆங்காங்கே திசு சிதறியிருப்பது பி, சீரற்று அடர்ந்திருப்பது சி, மிக அடர்ந்திருப்பது டி. சி, டி இரண்டும் 'அடர்ந்த மார்பகம்' எனப்படும். இது நோயன்று, அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்விரு வகைகளில் அடங்குகின்றனர்.

உண்மையிலேயே புற்றுநோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரை ஒரு பரிசோதனை பிடிக்கிறது என்பதை அதன் கண்டறிதிறன் என்பர். 2003இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றில் இத்திறன் கொழுப்பு மார்பகங்களில் 87 விழுக்காடாகவும், மிக அடர்ந்த மார்பகங்களில் 62.9 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது பின்னவர்களில் புற்றுநோய் இருந்த நூறு பேரில் 37 பேர் 'ஒன்றுமில்லை' என்ற விடையோடு வீடு திரும்பியிருக்கின்றனர். இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. அடர்த்தி கட்டியை மறைப்பதோடு நில்லாமல் தன்னளவிலேயே நோய்க்கான வாய்ப்பையும் கூட்டுகிறது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் அடர்த்தி உடையவர்களுக்கு, அடர்த்தி ஏறக்குறைய இல்லாதவர்களைக் காட்டிலும் நோய்வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்தனர். நோய் வர வாய்ப்பு கூடிய இடத்தில்தான் படத்தின் பார்வையும் மங்குகிறது.

மலேசியாவில் இக்கேள்வி 'ஆசியப் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது, ஆகவே மெமோகிராமால் பயனில்லை' என்ற வடிவில் பேசப்படுவதைக் கேட்கலாம். இதில் பாதி உண்மை. மீதி, போகாமலிருக்க ஒரு சாக்கு. மலேசியப் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளையின் அறிவியலாளர்கள் சுபாங் ஜெயாவில் மெமோகிராம் செய்துகொண்ட பெண்களை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், சீனப் பெண்களின் அடர்த்தி விழுக்காடு மலாய், இந்தியப் பெண்களுடையதைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது. ஆக, 'ஆசியப் பெண்' என்ற ஒரே தலைப்பின் கீழ் கிள்ளான் பள்ளத்தாக்கின் மூன்று சமூகத்தாரையும் அடைப்பது தவறு. தமிழ்ப் பெண்ணுக்குச் சீனப் பெண்ணின் கணக்கு அப்படியே பொருந்தாது.

இதனால் தமிழ்ப் பெண்கள் நிம்மதி அடையலாமா என்றால், அடைய முடியாது. அடர்த்தி விழுக்காடு என்பது மொத்த மார்பகப் பரப்பில் வெண்திசுவின் பங்கு. உடல் பருத்து மார்பகத்தில் கொழுப்பு கூடினால் சுரப்பித் திசு ஓர் இம்மியும் குறையாமலேயே விழுக்காடு இறங்கிவிடும். மெலிந்த, சிறிய மார்பகத்தில் அதே அளவு திசு உயர்ந்த விழுக்காடாகத் தோன்றும். மலேசிய இனங்களில் உடற்பருமன் மிகுந்திருப்பது இந்தியரிடையே என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டி வருகின்றன. மாதவிடாய் நின்றபின் உடற்பருமனே மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு காரணமாகிறது. எனவே அறிக்கையில் 'பி' என்று இருப்பது கட்டி எளிதில் கண்ணில் படும் என்பதற்குச் சான்றே தவிர, கட்டி வராது என்பதற்குச் சான்று அன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கை இதையே வேறு விதமாகச் சொல்கிறது: வயதுப் பரவலைச் சமன்செய்தபின் ஒரு லட்சம் பெண்களுக்கு நோய் விகிதம் சீனரிடையே 40.7, இந்தியரிடையே 38.1, மலாய்க்காரரிடையே 31.5. அடர்த்தி ஒன்றே எல்லாவற்றையும் விளக்குமானால் இந்திய விகிதம் சீன விகிதத்தை இவ்வளவு நெருங்கியிருக்காது.

வயதும் இதில் சேர்கிறது. மாதவிடாய் நிற்கும் முன் திசு அடர்ந்திருப்பதும், நின்றபின் படிப்படியாகக் கொழுப்புக்கு இடம் விடுவதும் இயற்கை. ஹார்மோன் மாத்திரைகள் அதைத் திருப்பிவிடக்கூடும். மேலைநாட்டினரோடு ஒப்பிட்டால் இங்குக் கணிசமான பெண்கள் 50 வயதுக்கு முன்பே நோய்க்கு ஆளாகின்றனர், அதாவது படம் மங்கலாக இருக்கும் வயதில்.

அப்படியானால் கூடுதல் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டுமா? ஜப்பானில் 40 முதல் 49 வயதுவரையான 70,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2016இல் முடிவு வெளியான 'ஜே-ஸ்டார்ட்' ஆய்வில், மெமோகிராமோடு அல்ட்ராசவுண்டையும் சேர்த்தபோது கண்டறிதிறன் 77 விழுக்காட்டிலிருந்து 91.1 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் நோயற்றவரை நோயற்றவர் என்றே சொல்லும் திறன் 91.4இலிருந்து 87.7 விழுக்காடாக இறங்கியது; நோயில்லாத ஆயிரம் பெண்களில் கூடுதலாக 37 பேர் காரணமின்றி மீண்டும் அழைக்கப்பட்டு, அச்சத்தோடு காத்திருந்தனர் என்பது இதன் பொருள். நெதர்லாந்தில் மிக அடர்ந்த மார்பகம் உடையவர்களுக்கு எம்.ஆர்.ஐ. அளித்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், இரு பரிசோதனைகளுக்கு இடையே தலைகாட்டும் புற்றுநோய்கள் ஆயிரத்துக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தன. அங்கும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 80 பேர் வீணாக அலைக்கழிக்கப்பட்டனர். அனைவருக்கும் எம்.ஆர்.ஐ. என்பது மலேசிய அரசு மருத்துவமனைகளின் வரிசையை அறிந்த எவரும் முன்வைக்கக்கூடிய யோசனை அன்று. சி, டி எழுத்து பெற்றவர்களுக்கு, அதிலும் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு, அல்ட்ராசவுண்ட் என்பது தாங்கக்கூடியது. தனியார் மருத்துவமனைகளில் இரண்டையும் சேர்த்துச் செய்வது ஏற்கெனவே வழக்கம்தான்.

அந்த எழுத்தும் கல்லில் செதுக்கியது அன்று. அமெரிக்காவில் 83 கதிரியக்க மருத்துவர்களை ஒப்பிட்டபோது, தாம் பார்த்த படங்களில் 6.3 விழுக்காட்டை மட்டும் அடர்ந்தவை என்றவரும் இருந்தார், 84.5 விழுக்காட்டை அப்படிச் சொன்னவரும் இருந்தார். பழைய படங்களைப் பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்வது இந்தக் கண்வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்யும். சென்ற படத்தில் இல்லாத ஒரு வெண்புள்ளி அடர்ந்த திசுவிலும் ஐயத்தை எழுப்பும்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்றுண்டு. மேற்சொன்ன பதிவக அறிக்கையின்படி 47.9 விழுக்காட்டு நோயாளிகள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். முந்தைய ஐந்தாண்டில் இது 43.2 விழுக்காடு. இந்தக் கட்டத்தில் வருவோரின் பெரும்பகுதியை மெமோகிராம் தவறவிட்டது என்று சொல்வதற்கில்லை, அவர்கள் மெமோகிராம் அறைக்குள் போனதே இல்லை என்று சொல்வதே பொருந்தும். வயதுவந்த பெண்கள் அனைவரையும் அழைப்புக் கடிதம் அனுப்பி வரவழைக்கும் திட்டம் இந்நாட்டில் இல்லை. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 2007 முதல் வழங்கும் மெமோகிராம் உதவித்தொகையும், தானே கேட்டுப் போகிறவருக்குத்தான் எட்டுகிறது.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு மெமோகிராம் மையமும் மார்பக அடர்த்தி பற்றி நோயாளிக்கே எளிய சொற்களில் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மலேசியச் சுகாதார அமைச்சும் இதைக் கடமையாக்க வேண்டும். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் லெம்பா பந்தாய் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தரப்படும் முடிவுத்தாளில், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் அந்த எழுத்தும் அதன் பொருளும் இடம்பெற வேண்டும். அதுவரை பெண்கள் தாமே மருத்துவரிடம் 'என் எழுத்து என்ன?' என்று கேட்கலாம். எந்த எழுத்தானாலும், மார்பகத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், சென்ற மாதத்து மெமோகிராம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தாலும், மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.