குளிசை தொடங்கிய முதல் இரண்டு கிழமை

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஓர் ஆம்பிளை மூன்று மாதம் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்தால் ஊர் கேள்வி கேட்கும். கடனா, வழக்கா, வேலை போயிட்டா என்று விசாரிக்கும். ஒரு பொம்பிளை மூன்று வருசம் வெளிக்கிடாமல் இருந்தால் அதே ஊர் பாராட்டும். "அடக்கமான பிள்ளை, வாசல்படி தாண்டாது." அந்தப் பிள்ளைக்குப் போக விருப்பமில்லையா, போக முடியவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வருத்தம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. எங்களிடம் அது நல்ல பெயர் வாங்கிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கிறது.

எனக்கும் இருக்கிறது, இது ஐந்தாவது வருசம். குளிசை குடிக்கிறேன், பாடசாலைக்குப் போகிறேன், படிப்பிக்கிறேன். அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை. கொஞ்ச நாளாக இன்பொக்ஸில் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். "டீச்சர், குளிசை தொடங்கினன். படபடப்பு கூடிட்டுது. விட்டுட்டன். இனி மருந்து வேணாம்." இந்த வருத்தத்தில் நாங்கள் ஆட்களை இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு மருந்தைவிட எங்கள் வாய்தான் காரணம் என்றும் நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக வருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு இடிக்கும், மூச்சு முட்டும், கை கால் விறைக்கும், இந்த நிமிசமே மௌத்தாகப் போகிறோம் என்று இருக்கும். பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் பிறகு மெல்ல இறங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி எடுத்து "ஒண்டுமில்லை" என்பார்கள். (முதல் தரம் வந்தால் கட்டாயம் ஓடுங்கள். இதயமும் தைரொயிட்டும் பார்க்கப்பட வேண்டும்.) பிறகு "அது திரும்ப வருமோ" என்ற பயம் தொடங்கும். பஸ்ஸில் வந்தது, அதனால் பஸ் வேண்டாம். சந்தையில் வந்தது, அதனால் சந்தை வேண்டாம். இப்படியே ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் அறையும் கட்டிலும்தான் மிஞ்சும். 1871இல் பெர்லினில் வெஸ்ட்பால் என்ற வைத்தியர் இதற்கு அகோராபோபியா என்று பெயர் வைத்தார். திறந்த சதுக்கங்களைக் கடக்க முடியாமல் நின்ற ஆண்களைப் பார்த்து வைத்த பெயர். அகோரா என்றால் கிரேக்க மொழியில் சந்தை கூடும் வெளி. திருநெல்வேலிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

எனக்குச் சொந்தங்கள் சோனகதெருவில், வாடகை வீடு நல்லூரில். கோயில் திருவிழா வந்தால் இருபத்தைந்து நாள் வீதித் தடை போடுவார்கள், சனம் கடல்போல் வரும். எல்லாருக்கும் கொண்டாட்டம். எனக்கு முதல் வருசம் அது "ஒன்று நடந்தால் ஓட்டோ உள்ளே வராதே" என்ற ஒரே கணக்காகத்தான் இருந்தது. இந்த வருத்தக்காரர் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது வெளியே போகிற வழியை. ஜும்ஆவில் எப்போதும் செருப்புக் கழற்றும் இடத்துக்குக் கிட்ட நிற்கிற ஆம்பிளைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் பிந்தி வந்தவர்கள் அல்ல. "முன் ஸப்புக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இனி மருந்து.

எனக்கு முதலில் தந்தது புளுவொக்செற்றின், 20 மில்லிகிராம் கெப்சியூல். நல்ல மருந்து, பலருக்கு ஒத்துவருகிறது. எனக்கு நாலாம் நாளே உடம்புக்குள் யாரோ மோட்டர் போட்டு விட்டதுபோல் இருந்தது. நித்திரை இல்லை, ஓங்காளம், கை நடுக்கம். பீதி வருத்தக்காரருக்கு இந்த வகை மருந்துகள் தொடக்கத்தில் பதற்றத்தைக் கூட்டலாம் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விசயம். அதனால்தான் மனச்சோர்வுக்குத் தொடங்கும் அளவில் பாதியில், சில நேரம் அதற்கும் குறைவில் தொடங்குவார்கள். கெப்சியூலை உடைத்துப் பாதியாக்க முடியாது. இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். அன்று கிளினிக்கில் எனக்குக் கிடைத்தது கொப்பியில் ஒரு வரியும் அடுத்த திகதியும். வெளியே வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது வைத்தியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் "முதல் இரண்டு கிழமை கூடின மாதிரி இருக்கும், தாங்க முடியாவிட்டால் திகதி வரைக்கும் காத்திருக்காமல் வாங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் இல்லாததால் எத்தனை பேர் அந்தக் கொப்பியை அலுமாரிக்குள் போட்டுவிட்டார்கள்!

நான் திரும்பிப் போனேன். அடுத்தது இமிப்பிரமின். பழைய மருந்து, நெஞ்சு இடி குறைந்தது. ஆனால் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஐந்து பாடம் கத்துகிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்கு விளங்கும். மலச்சிக்கல், எழும்பினால் தலைச்சுற்று. மூன்று மாதம் பார்த்துவிட்டு அதையும் மாற்றினோம். மூன்றாவது சேர்ட்ரலின். 50 மில்லிகிராம் குளிசையைப் பாதியாக்கி 25இல் தொடங்கினோம். பத்து நாள் வயிறு சரியில்லை, இரவில் வியர்த்தது. அதன்பிறகு அடங்கியது. அளவை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். அதோடுதான் இன்றும் இருக்கிறேன்.

என்னுடைய குளிசையின் பெயரைப் பார்த்து நீங்கள் பாமசிக்குப் போக இதை எழுதவில்லை. எனக்கு ஆகாத புளுவொக்செற்றினில்தான் என் ராத்தாவின் சிநேகிதி சுகமாக இருக்கிறா. ஒரு மருந்து ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒரு மருந்துதான் ஒத்துவரவில்லை. கண்ணாடிக் கடையில் முதல் வில்லை பொருந்தவில்லை என்று யாராவது "எனக்குக் கண்ணாடியே சரிவராது" என்று எழும்பி வருகிறோமா?

சுகம் வருவதும் விசித்திரமாகத்தான் வருகிறது. ஆறாம் கிழமையில் "ஒரு மாற்றமும் இல்லை" என்று நான் முறைப்பட்டுக்கொண்டிருந்தபோது மகள்தான் சொன்னாள், "உம்மா இப்ப ராவைல வாப்பாவ எழுப்புறதில்லையே." யோசித்துப் பார்த்தால் உண்மை. பிறகு வாசித்தபோது இதே கதை வைத்திய வரலாற்றிலும் இருக்கிறது. 1950களின் கடைசியில் நியூயோர்க்கில் டொனால்ட் க்ளைன் என்ற உளமருத்துவர் இத்தகைய நோயாளர்களுக்கு இமிப்பிரமின் கொடுத்துப் பார்த்தார். சில கிழமை போயும் நோயாளர் சுகமில்லை என்றே சொன்னார்கள். விடுதித் தாதிமார்தான் கவனித்தார்கள், "சாகப் போகிறேன்" என்று தங்கள் மேசைக்கு ஓடி வருவது நின்றுவிட்டது. பீதி நின்றிருந்தது, பயம் நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அதிலிருந்துதான் விளங்கத் தொடங்கியது. 1980இல் அமெரிக்க உளமருத்துவர்களின் வகைப்பாட்டில் பீதி தனி நோயாக இடம்பிடித்ததற்கும் இந்த வேலை ஒரு காரணம்.

அதனால் குளிசை நெஞ்சு இடியை நிறுத்தும், படலையைத் திறக்காது. படலையை நாங்கள்தான் திறக்க வேண்டும். நான் முதல் கிழமை படலை வரைக்கும், பிறகு முத்திரைச் சந்தி வரைக்கும், பிறகு மகளோடு சந்தை, பிறகு தனியாக டவுணுக்கு பஸ் என்று போனேன். ஒவ்வொன்றிலும் பயம் இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால் அது இன்னும் பலத்துப் போகும். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உளநலப் பிரிவுகளில் இருக்கிறார்கள், கேளுங்கள். போன திருவிழாவுக்கு வீதித் தடை தாண்டிப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். இடையில் நெஞ்சு இடித்தது, இடித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

இப்போது வாய்களுக்கு வருகிறேன்.

"விசர்க் குளிசை குடிக்காத, பழகிடும்." சேர்ட்ரலின் போன்றவை போதைபோல் ஏங்க வைக்கும் மருந்துகள் அல்ல. திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும். அதனால்தான் வைத்தியர் சொல்கிறபடி மாதக்கணக்கில் குறைத்து விடுவது. உண்மையில் பழகுகிறது வேறொன்று. டயசிப்பாம், அல்பிரசோலம் என்ற வகை. அரை மணித்தியாலத்தில் அமைதி தரும் என்பதால் அதைத்தான் ஊர் நம்புகிறது. ஒரு வீட்டில் மிஞ்சினது அடுத்த வீட்டுக்குப் போகிறது. கொஞ்ச நாளுக்கு வைத்தியர் தந்தால் பரவாயில்லை, மாதக்கணக்கில் தானாகக் குடித்தால் அதை விடுவதே தனி வருத்தமாகிவிடும். நெஞ்சு இடிக்கு யாரோ கொடுத்த புரோப்ரனலோலும் அப்படித்தான், முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நல்ல மருந்துக்குப் பயந்து, பயப்பட வேண்டியதைக் கைமாற்றுகிறோம்.

"ஈமான் பலமாக இருந்தா இது வராது." இதைச் சொல்கிறவர்கள் பிரஷர் குளிசையை ஸஹருக்கும் மறக்காமல் விழுங்குகிறவர்கள். 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்-பல்கி உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். பயத்தையும் திடுக்கத்தையும் உள்ளத்தின் வருத்தங்களாக எண்ணினார். காரணமின்றி வரும் ஒருவகைச் சோகம் உடலிலிருந்து வருவது, அதற்கு மருந்து வேண்டும் என்று பிரித்தார். ஆயிரம் வருசத்துக்கு முந்திய ஆலிமுக்கு விளங்கியது எங்களுக்கு விளங்கவில்லையா? ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள், நானும் கேட்கிறேன். குளிசையை நிறுத்திவிட்டு ஓதச் சொல்லாதீர்கள். கெப்சியூலின் ஜெலற்றின் ஹலாலா என்ற சந்தேகம் இருந்தால் குளிசை வடிவில் இருக்கிறதா என்று கேட்கலாம். நோன்பில் ஒருநாளைக்கு ஒருதரம் குடிப்பதை இப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ வைக்கலாம். ஆனால் றமழானுக்கு முதலே வைத்தியரிடம் நேரத்தைக் கேட்டு மாற்றுங்கள். அந்த மாதம் முழுவதும் விட்டுவிட்டுப் பெருநாளன்று நிலத்தில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"90இல் பட்டதுதான் எல்லாம்." 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளிக்கிட்டவர்களின் பிள்ளை நான், புத்தளத்தில் வளர்ந்தேன். லவுட்ஸ்பீக்கர் சத்தத்துக்கு உம்மா இன்றும் திடுக்கிடுவா. அந்தக் காயம் உண்மை. இந்த மண்ணில் தமிழ்ச் சனத்துக்குள்ளும் அது எவ்வளவு ஆழம் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்குள்ளேயே இருந்து எழுதினார்கள். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டு "இது எங்கட தலைவிதி" என்று இருந்தால் வைத்தியம் நடக்காது. போரே பார்க்காத ஊர்களிலும் இந்த வருத்தம் வருகிறது. குடும்பத்துக்குள் ஓடுகிறது. தூக்கக் கேடு கூட்டுகிறது, பிளேன்டீயும் கூட்டுகிறது. என் வைத்தியர் முதலில் கேட்டதே ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்றுதான்!

இன்னொன்று. இதை ஒரு பெண் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். இந்த மருந்துகளில் பலருக்குக் கணவன் மனைவி உறவில் நாட்டம் குறையும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அப்படித்தான். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக் குளிசையைக் களவாக நிறுத்துகிறவர்கள் அதிகம். வைத்தியருக்கு இது புதினமல்ல. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சொன்னால்தான் செய்வார்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

2022இல் டொலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பட்டபோது ஒருநாள்விட்டு ஒருநாள் குடித்து மிச்சம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இனி அப்படி ஒரு நிலை வந்தால், கையில் இரண்டு கிழமைக்கு இருக்கும்போதே கிளினிக்கில் சொல்லுங்கள். கொம்பனி மாறிக் குளிசையின் நிறம் மாறினாலும் பயப்படாமல் பெயரை வாசியுங்கள், பாமசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வீட்டில் யாராவது புதிதாகத் தொடங்கியிருந்தால் அந்த முதல் மாதம் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். என்ன குளிசை, எப்போது தொடங்கியது, என்ன செய்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வைத்தியரிடம் அதுதான் பேசும். இளம் பிள்ளைகள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்தில் உயிரை விடுகிற எண்ணம் வந்தாலோ, நிலைகொள்ளாமல் தவித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கும் எந்த நேரமும் எடுக்கலாம்.

இன்பொக்ஸில் வருகிற தங்கச்சிமாருக்கு: எந்தக் குளிசை நல்லது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். விட்டுவிட்டேன் என்றால் ஏசவும் மாட்டேன். கிளினிக்குக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள். பாடசாலை விடுமுறை தொடங்குகிறது, கூட வருகிறேன். வாசலுக்குக் கிட்ட இருக்கிற வாங்கிலேயே இருக்கலாம்.