பூஜ்ஜியத்தால் வகுத்தால் மட்டும் போதுமா?

பொறியியல் கல்லூரிகளின் ஜாவா ஆய்வகப் பதிவேட்டில் விதிவிலக்குக் கையாளுதலுக்கான பயிற்சி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கும். பத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டும். எழும் அரித்மெட்டிக்எக்செப்ஷனைக் கேட்ச் தொகுதியில் பிடிக்க வேண்டும். "பூஜ்ஜியத்தால் வகுக்க இயலாது" என்று அச்சிட வேண்டும். வெளியீட்டை ஒட்டிக் கையொப்பம் பெற்றதும் மாணவர் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்.

தொடரியலைக் காட்ட இது போதும். ஆனால் வகுக்கும் எண் பூஜ்ஜியமா என்பதை ஓர் இஃப் கூற்றே முன்கூட்டிச் சொல்லிவிடும். அதோடு, பிழை எழும் வரியும் பிடிபடும் வரியும் இங்கே அண்டை வீடுகள். பிழையைக் காணும் மெத்தடுக்கு அதைத் தீர்க்கும் வழி தெரியாதபோது, தன்னை அழைத்த மெத்தடுக்கு அதைத் தெரிவிப்பதே விதிவிலக்கின் பயன். இப்பயிற்சியில் அந்தப் பயணத்துக்கே இடமில்லை.

இதற்குப் பதிலாகப் பத்து வரிகள் கொண்ட ஒரு மதிப்பெண் கோப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு வரியில் மதிப்பெண்ணுக்குப் பதில், தேர்வுக்கு வராததைக் குறிக்கும் 'ஏபி' என்ற ஆங்கில எழுத்துகள். இன்னொன்றில் எழுபது என்பதன் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து 'ஓ'. மூன்றாவதில் காற்புள்ளியும் மதிப்பெண்ணும் விடுபட்டிருக்கும். முதல் இரண்டும் இன்டீஜர்.பார்ஸ்இன்ட் வழியே நம்பர்ஃபார்மட்எக்செப்ஷனை எழுப்பும்; மூன்றாவது, பிரித்த அணியில் இல்லாத உறுப்பைத் தேடப்போய் அர்ரேஇண்டெக்ஸ்அவுட்ஆஃப்பவுண்ட்ஸ்எக்செப்ஷனை எழுப்பும். வழக்கமான பயிற்சியில் பழகிய கை இங்கே என்ன செய்யும்? எக்செப்ஷன் என்ற பொது வகுப்பையே பிடித்து, மதிப்பெண்ணைப் பூஜ்ஜியமாக்கி மேலே போகும். நிரல் நிற்காது, வெளியீடும் அழகாக வரும்.

ஐந்து பேரில் நால்வர் 70, 80, 60, 90 பெற்று, ஒருவர் வராமலிருந்தால் எழுதியவர்களின் சராசரி 75. வராதவரைப் பூஜ்ஜியமாக்கினால் அது 60. தட்டச்சுப் பிழையால் 70 மதிப்பெண்ணை இழந்தவருக்கோ, தாம் தேர்ச்சி பெறாததன் காரணமே தெரியவராது. வராதவரைத் தனியே குறிப்பதா, தட்டச்சுப் பிழையைத் திருத்தத்துக்கு அனுப்புவதா, கோப்பு முழுவதையும் நிராகரிப்பதா? கோப்பைப் படிக்கும் மெத்தடு இதை முடிவு செய்யக் கூடாது. இந்த இடத்தில்தான் த்ரோஸ் என்ற சொல்லின் தேவை மாணவருக்குத் தானாகவே விளங்கும்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவூர்தி கிளம்பி ஒரு நிமிடம் முடிவதற்குள் சிதறியது. அதன் மென்பொருள் ஜாவா அன்று, அடா. 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் எழுந்த விதிவிலக்கு கையாளப்படவில்லை. முதன்மைக் கருவிக்கும் மாற்றுக் கருவிக்கும் மென்பொருள் ஒன்றே என்பதால் இரண்டுமே நின்றுபோயின. அதற்குப் பின் நிகழ்ந்ததே வகுப்பறைக்கு முக்கியம்: நின்ற கருவி அனுப்பிய பழுதறிவிப்பைப் பறத்தல் தரவாக எண்ணி, முதன்மைக் கணினி ஏவூர்தியைத் திருப்பியது. 'வரவில்லை' என்பதைப் பூஜ்ஜியமாகப் படிக்கும் நிரலும் இந்தக் குழப்பத்தின் உறவினர்தான்.

அறுபது பேர் உள்ள ஆய்வகத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பயிற்சிக்கு வேண்டியது ஒரு சிறிய கோப்பு மட்டுமே. மாற வேண்டியது மதிப்பிடும் முறை. நிரல் நிற்காமல் ஓடினால் முழு மதிப்பெண் என்ற வழக்கம் இருக்கும்வரை, வெற்றுக் கேட்ச் தொகுதியே மாணவருக்கு லாபகரமான விடை. தவறான தரவுக்கு நிரல் உரக்க நின்றால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். வாய்மொழித் தேர்வில் ட்ரை, கேட்ச், ஃபைனலி ஆகியவற்றின் வரையறையைக் கேட்பதை விட்டுவிட்டு, ஃபைனலி தொகுதிக்குள் ஒரு ரிட்டர்ன் எழுதிக் காட்டி, மேலே போக வேண்டிய விதிவிலக்கு எங்கே காணாமல் போனது என்று கேட்கலாம்.